டயர் ட்யூபை யாராச்சும் பாத்திருக்கீங்களா?

ஏஜிஎன் (ஆக்டிவ் கேலக்டிக் நியூக்ளியஸ், அதாவது சில கேலக்ஸிகளோட நடுவுல ஜொலிக்கற பகுதி) பத்தி எந்தப் புக்கைத் திறந்தாலும், எந்தப் பிரசன்டேஷனைப் பாத்தாலும் ஒரே படம்தான். நடுவுல கருப்பா ஒரு புள்ளி, அதைச் சுத்தி தகதகன்னு ஒரு தட்டு, மேலயும் கீழயும் பீச்சிட்டுப் போற ரெண்டு ஜெட், இது எல்லாத்தையும் வளைச்சுப் பிடிச்ச மாதிரி பழுப்புக் கலர்ல, காத்தடிச்ச டயர் ட்யூப் கணக்கா குண்டா ஒரு தூசி வளையம். டோரஸ்னு சொல்வாங்க. எம்எஸ்சி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல மூணாவது பக்கத்துலயே நானும் அந்தப் படத்தை ஒட்டிட்டேன். ரிவியூ அன்னிக்கு கைடு அந்தப் படத்து மேல விரலை வெச்சு, "இந்த ட்யூபை யாராச்சும் பாத்திருக்காங்களாப்பா?"ன்னு கேட்டார். நான் ஒரு செகண்ட் கூட யோசிக்காம "பாத்திருக்காங்க சார், இன்ஃப்ராரெட்ல"ன்னு அடிச்சு விட்டுட்டேன். அவர் சிரிச்சிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டார். அந்தச் சிரிப்பு எதுக்குன்னு புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. அதைத்தான் எழுதலாம்னு உக்காந்திருக்கேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

ஏஜிஎன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பெரிய கேலக்ஸிகளோட நடுவுல லட்சக்கணக்குலேந்து நூறு கோடிக்கணக்கு வரைக்கும் சூரியன் எடையுள்ள பிளாக் ஹோல் இருக்கும், பெரும்பாலும் அது பாட்டுக்கு சும்மா கிடக்கும். சில கேலக்ஸில மட்டும் அது மேல கேஸ் விழுந்துட்டே இருக்கும், விழற கேஸ் தட்டு மாதிரி சுத்தி, உரசிச் சூடாகி, மொத்த கேலக்ஸியோட நட்சத்திரங்களுக்கும் சவால் விடற அளவுக்கு வெளிச்சம் போடும். 1943ல கார்ல் சீஃபர்ட் இந்த மாதிரி ஆறு கேலக்ஸியை எடுத்து ஸ்பெக்ட்ரத்தை, அதாவது வெளிச்சத்தை அலைநீளம் வாரியா பிரிச்சுக் காட்டினார். அதுக்கப்புறம் பாத்தா இதுலயே ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணுல ஸ்பெக்ட்ரம் கோடுகள் ரொம்ப அகலமா இருக்கும், அதாவது கேஸ் செகண்டுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்துல சுத்துது. இன்னொண்ணுல ஒல்லியான கோடு மட்டும்தான். 1974ல அகலக் கோட்டுக்கு டைப் 1, ஒல்லிக் கோட்டுக்கு டைப் 2ன்னு பேர் வெச்சாங்க. ஏன் ரெண்டு வகைன்னு மட்டும் யாருக்கும் சரியா சொல்லத் தெரியல.

அதுக்கு வந்த பதில்தான் ட்யூபுக்கும் ஆரம்பம். 1985ல ஆன்டனூச்சியும் மில்லரும் லிக் அப்சர்வேட்டரியோட 3 மீட்டர் டெலஸ்கோப்ல என்ஜிசி 1068ங்கற கேலக்ஸியை எடுத்தாங்க, அது பக்கா டைப் 2. அதோட போலரைஸ்டு வெளிச்சத்தை, அதாவது ஒரே திசையில அதிர்ற வெளிச்சத்தை மட்டும் பிரிச்சுப் பாத்தா, உள்ளேந்து அகலமான கோடு எட்டிப் பாக்குது! நேரா பாத்தா தெரியாதது, மேல மிதக்கற எலக்ட்ரான்கள்ல பட்டுத் தெறிச்சு வர்ற வெளிச்சத்துல தெரியுது. கதவுக்குப் பின்னாடி நிக்கற ஆள் எதிர்ல இருக்கற கண்ணாடில தெரியற மாதிரி. அப்ப ரெண்டு வகையும் உள்ளுக்குள்ள ஒண்ணுதான், நம்ம பக்கம் ஏதோ ஒரு மறைப்பு இருக்கா இல்லையாங்கறதுதான் வித்தியாசம்னு ஆச்சு. மேலேந்து பாத்தா டைப் 1, பக்கவாட்டுல பாத்தா டைப் 2, நடுவுல மறைக்கறது தூசி.

கவனிங்க, இதுல எங்கயும் யாரும் ட்யூபைப் பாக்கல. ஏதோ மறைக்குது, மேல கீழ திறந்திருக்கு, பக்கவாட்டுல மூடியிருக்கு, அவ்வளவுதான் தெரியும். அந்த மாதிரி மறைக்கறதுக்கு வரையறதுக்கு ஈஸியான ஷேப் ட்யூப், அதனால ட்யூப். இது எனக்கு அப்ப உறைக்கவே இல்ல.

சரி, இன்ஃப்ராரெட் எங்க வருது? தூசின்னா இங்க சிலிக்கேட், கிராஃபைட் துகள்கள், பெரும்பாலும் ஒரு மைக்ரான்ல பத்துல ஒரு பங்கு சைஸ். நடுவுல இருக்கற தட்டு போடற அல்ட்ரா வயலெட் வெளிச்சத்தை இது அப்படியே முழுங்கும், சூடாகும், சூடான எதுவும் சும்மா இருக்காது, இன்ஃப்ராரெட்டா திருப்பிக் கக்கும். 1500 கெல்வின் தூசின்னா 2 மைக்ரான் பக்கத்துல பிரகாசமா இருக்கும், 300 கெல்வின்னா 10 மைக்ரான்ல. அதாவது எந்த அலைநீளத்துல பாக்கறோமோ அதுக்கேத்த சூட்டுல இருக்கற தூசி தெரியும், சூடு கம்மியாக ஆக தூரம் அதிகம்னு வெச்சுக்கலாம். மத்த எல்லா இடத்துலயும் தூசி மறைக்கற சனியன், இன்ஃப்ராரெட்ல மட்டும் அதுவே விளக்கு. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்த சப்ஜெக்ட்டைப் பிடிச்சேன்.

இன்னொரு அழகான விஷயம், 1500 கெல்வினைத் தாண்டினா தூசி தாங்காது, ஆவியா போயிடும், கிராஃபைட் கொஞ்சம் கூடத் தாக்குப் பிடிக்கும். அதனால பிளாக் ஹோலைச் சுத்தி ஒரு எல்லை இருக்கு, அதுக்குள்ள தூசியே கிடையாது. வெளிச்சம் தூரத்தோட வர்க்கத்துல குறையறதால இந்த எல்லை வெளிச்சத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி நகரும், நடுவுல 100 மடங்கு வெளிச்சம் கூடினா எல்லை 10 மடங்கு தள்ளிப் போகும். 1987ல பார்வேனிஸ் இதை வெச்சுத்தான் குவேசார் (ரொம்பப் பிரகாசமான ஏஜிஎன்) ஸ்பெக்ட்ரத்துல 2 மைக்ரான் பக்கம் ஏன் எப்பவும் ஒரு மேடு வருதுன்னு விளக்கினார். எல்லா ஏஜிஎன்லயும் தூசி சாகற டெம்பரேச்சர் ஒண்ணுதானே, அதனால மேடும் ஒரே இடத்துல.

ஆனா இதெல்லாம் சொல்றது சுலபம், தரையிலேந்து 10 மைக்ரான்ல பாக்கறது கொடுமை. நம்ம வானம், டெலஸ்கோப், கண்ணாடி, அதைத் தாங்கற கம்பி எல்லாமே 280 கெல்வின் பக்கத்துல இருக்கு, எல்லாமே 10 மைக்ரான்ல ஜொலிக்குது. ட்யூப்லைட்டாலயே செஞ்ச டெலஸ்கோப்பை வெச்சு பட்டப்பகல்ல நட்சத்திரம் தேடற கதை. நமக்கு வேண்டிய கேலக்ஸியை விட பின்னணி ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசம். அதனால செகண்டுக்குச் சில தடவை கண்ணாடியை ஆட்டி ஆட்டி, கேலக்ஸி இருக்கற இடம், பக்கத்துல வெறும் வானம், மறுபடி கேலக்ஸின்னு மாத்தி மாத்தி எடுத்து கழிச்சுக்கணும், சாப்பிங்னு பேரு. இதுல பெரிய ஆளு ஃபிராங்க் லோ. 1961ல லிக்விட் ஹீலியத்துல குளிர வெச்ச ஜெர்மேனியம் போலோமீட்டரை, அதாவது விழற வெளிச்சத்தைச் சூட்டை வெச்சு அளக்கற கருவியைச் செஞ்சவர். 1967, 68 வாக்குல சீஃபர்ட் கேலக்ஸிகளை இன்ஃப்ராரெட்ல அளந்தப்ப, எதிர்பார்த்ததை விட எக்கச்சக்கமா வெளிச்சம் வருதுன்னு தெரிஞ்சுது, என்ஜிசி 1068 அதுல முன்னணி.

இது எங்கேந்து வருதுன்னு பெரிய சண்டை. காந்தப்புலத்துல வேகமா சுத்தற எலக்ட்ரான் போடற சிங்க்ரோட்ரான் வெளிச்சம்னு ஒரு கட்சி, தூசிதான்னு இன்னொரு கட்சி. 1969லயே ரீஸ், சில்க், வெர்னர், விக்ரமசிங்க நாலு பேரும் சேர்ந்து சூடான தூசியா இருக்கலாம்னு எழுதிட்டாங்க. அப்புறம் 1970கள்ல என்ஜிசி 1068ல 9.7 மைக்ரான் பக்கத்துல ஒரு பள்ளம் தெரிஞ்சுது. அது சிலிக்கேட் தூசியோட கையெழுத்து, மணல்ல இருக்கற அதே சிலிக்கான் ஆக்சிஜன் இணைப்பு அதிர்றதால வர்றது. அங்க தூசி இருக்குங்கறதுக்கு இதுக்கு மேல சாட்சி வேணாம்.

1983ல ஐராஸ் சாட்டிலைட் 12, 25, 60, 100 மைக்ரான்ல வானம் பூரா அலசினது, அதுக்கப்புறம் ஸ்பிட்சர், வைஸ்னு வரிசையா வந்தது. இதெல்லாம் மொத்த வெளிச்சத்தை அளக்கும், ஸ்பெக்ட்ரம் எடுக்கும், ஆனா ஷேப்? கணக்குப் போட்டுப் பாருங்க. என்ஜிசி 1068 கிட்டத்தட்ட 4.7 கோடி ஒளியாண்டு தூரம், ஏஜிஎன்ல இது பக்கத்து வீடு. அங்க ஒரு பார்செக் (சுமார் 3.26 ஒளியாண்டு) நீளம் நமக்கு 14 மில்லி ஆர்க்செகண்டாத் தெரியும், ஒரு மில்லி ஆர்க்செகண்ட்னா ஒரு டிகிரி கோணத்துல 36 லட்சத்துல ஒரு பங்கு. 8 மீட்டர் டெலஸ்கோப் 10 மைக்ரான்ல பிரிச்சுக் காட்டக்கூடியது சுமார் 300 மில்லி ஆர்க்செகண்ட், அதாவது அங்க 20 பார்செக். ட்யூபே சில பார்செக்தான். ஜேம்ஸ் வெப்போட கண்ணாடி 6.5 மீட்டர், அது விண்வெளில இருந்தாலும் இந்தக் கணக்கு அதுக்கும் பொருந்தும். ஆக "இன்ஃப்ராரெட்ல பாத்திருக்காங்க சார்"ன்னு நான் சொன்னது புள்ளியைப் பாத்துட்டு ட்யூபைப் பாத்தேன்னு சொன்ன மாதிரி. கைடு சிரிக்காம என்ன செய்வார்.

சைஸைப் பிடிக்க ரெண்டு குறுக்கு வழி இருக்கு. ஒண்ணு நேரத்தை வெச்சு அளக்கறது. நடுவுல இருக்கற தட்டோட வெளிச்சம் நிலையா இருக்காது, ஏறி இறங்கும். அது ஏறினா அந்தச் செய்தி வெளிச்ச வேகத்துல போய் தூசியைச் சேந்து, தூசி சூடாகி, அப்புறம்தான் 2 மைக்ரான்ல ஏறும். நடுவுல எத்தனை நாள் லேட்டோ அத்தனை ஒளிநாள் தூரத்துல தூசி இருக்கு. பேரு ரெவர்பரேஷன், எதிரொலி மாதிரி. 1989ல ஃபேரால் 9னு ஒரு கேலக்ஸில இப்படி 400 நாள் பக்கம் லேட்னு கண்டுபிடிச்சாங்க. அப்புறம் ஜப்பான்காரங்க ஹவாய்ல ஹலேயாகலா மலை மேல மேக்னம்னு 2 மீட்டர் டெலஸ்கோப்பை இதுக்காகவே வெச்சு வருஷக்கணக்கா ராத்திரி ராத்திரி எடுத்தாங்க. என்ஜிசி 4151ல வந்தது சுமார் 48 நாள், அதாவது 0.04 பார்செக். ஒரு படம் கூட இல்லாம, ரெண்டு கிராஃபை நகர்த்தி நகர்த்தி ஒட்ட வெச்சு இவ்வளவு சின்ன இடத்தை அளந்துட்டாங்க. பல கேலக்ஸிக்கு இப்படி எடுத்து வரிசையா போட்டா அந்த வர்க்கமூலக் கணக்கு அழகா விழுது. ஆனா தியரி சொன்னதை விட தூசி கொஞ்சம் உள்ள தள்ளியே இருக்கு, துகள் பெருசா இருந்தா அப்படி ஆகலாம்னு சொல்றாங்க, பெரிய துகள் அவ்வளவு சூடாகாது.

இதைப் படிச்சுட்டு நானும் பெரிய இவன் மாதிரி நியோவைஸ் (வைஸ் சாட்டிலைட்டோட பிற்கால சர்வே) டேட்டாவை இறக்கி என்ஜிசி 4151க்கு லேட் கண்டுபிடிக்கறேன்னு உக்காந்தேன். ரெண்டு வாரம் கோட் எழுதி, எரர் பார் எல்லாம் போட்டு, கடைசில கிராஃபைப் பாத்தா பத்து வருஷத்துக்கு இருபது புள்ளி. அந்த சாட்டிலைட் ஒரே இடத்தை ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் பாத்துது, வந்தப்பல்லாம் ஒண்ணு ரெண்டு நாள்ல பத்துப் பன்னெண்டு படம் எடுத்துட்டுப் போயிடுச்சு. ஆறு மாச இடைவெளில 48 நாளைத் தேடிட்டு இருந்திருக்கேன். கோட் எழுதறதுக்கு முன்னாடி சாம்ப்ளிங் பாக்கணும்னு யாருமே சொல்லல, இல்ல சொன்னாங்க, நான் கேக்கல. வருஷக்கணக்குல லேட் ஆகற பெரிய குவேசார்களுக்கு இதே டேட்டா நல்லாவே உதவும், அது வேற விஷயம்.

வைஸ் பத்திச் சொன்னதும் இன்னொரு அசடு வழிஞ்சது ஞாபகம் வருது. வைஸ்ல 3.4 மைக்ரான் டபிள்யூ1, 4.6 மைக்ரான் டபிள்யூ2. நட்சத்திர வெளிச்சம் இந்த ரெண்டு பேண்ட்லயும் ஏறக்குறைய ஒரே மேக்னிட்யூட் (பிரகாச அளவு) காட்டும், சூடான தூசி டபிள்யூ2ல தூக்கலாத் தெரியும். அதனால ரெண்டுக்கும் வித்தியாசம் 0.8க்கு மேல போனா ஏஜிஎன்னா இருக்க வாய்ப்பு அதிகம்னு 2012ல ஸ்டெர்ன் டீம் ஒரு கோடு போட்டுக் குடுத்தாங்க. தூசிக்குள்ள ஒளிஞ்சு, ஆப்டிக்கல்ல சாதுவாத் தெரியற ஏஜிஎன் கூட இதுல மாட்டும். வானம் பூரா லட்சக்கணக்குல அள்ளலாம். அதுல நான் ஒண்ணைப் பிடிச்சேன், வித்தியாசம் 2க்கு மேல! ஆப்டிக்கல்ல ஒண்ணுமே இல்ல, சுத்தமா கருப்பு. தூசில முழுசா புதைஞ்ச அபூர்வ குவேசார்னு எனக்குள்ள ஒரே கொண்டாட்டம், ராத்திரி ரெண்டு மணிக்கு ஃப்ரெண்டுக்கு மெசேஜ் வேற. அவன் காலைல கேட்டது ஒரே கேள்வி, "நகருதா பாத்தியா?" 2010 படத்தையும் பின்னாடி எடுத்த படத்தையும் மேல மேல வெச்சா நகந்திருக்கு, நல்லாவே. கேலக்ஸி நகருமா? ப்ரௌன் ட்வார்ஃப். நட்சத்திரம் ஆக முடியாமப் போன குளிர்ந்த உருண்டை, நமக்கு ரொம்பப் பக்கத்துல. அதோட மீத்தேன் 3.4 மைக்ரானை முழுங்கிடும், 4.6ல வெளிச்சம் வெளிய வரும், வைஸோட அந்த ரெண்டு பேண்டையும் அமைச்சதே இந்த மாதிரி ஆளுங்களைப் பிடிக்கத்தான். தூசியே இல்லாத ஒண்ணை தூசிக் குவேசார்னு கொண்டாடியிருக்கேன். உண்மையாவே அப்படிப் புதைஞ்சதும் வைஸ்ல மாட்டியிருக்கு, 2015ல அறிவிச்ச டபிள்யூ2246னு ஒண்ணு, 300 லட்சம் கோடி சூரியன் வெளிச்சம், பெரும்பாலும் தூசி வழியா வர்ற இன்ஃப்ராரெட். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல.

சரி ட்யூபுக்கு வருவோம். அதுல ஆரம்பத்துலேந்தே ஒரு சிக்கல் இருந்தது, பல பேர் படத்தைப் பாத்துட்டு இதைக் கேக்கறதே இல்ல. அது ஏன் குண்டா இருக்கு? சுத்தற கேஸ் குளிர்ந்தா தட்டையாகிடணும். குண்டா நிக்கணும்னா உள்ள துகள்கள் மேலயும் கீழயும் செகண்டுக்கு நூறு கிலோமீட்டர் கணக்குல ஆடணும். அது வெறும் சூட்டால வந்த ஆட்டம்னா கேஸ் டெம்பரேச்சர் பத்து லட்சம் கெல்வின் பக்கம் போகணும், அதுல தூசி ஒரு நிமிஷம் தாங்குமா? 1988ல க்ரோலிக்கும் பெகல்மேனும் இதைச் சொல்லித்தான், இது வழவழன்னு ஒரே ட்யூபா இருக்க முடியாது, தனித்தனி மேகங்கள் கூட்டமாச் சுத்திட்டு இருக்கணும்னாங்க. ஆனா அந்த மேகங்கள் ஒண்ணோட ஒண்ணு மோதி ஆட்டம் அடங்கிடாதா? அதுக்கு இன்னொரு பதில், அதுக்கு இன்னொரு கேள்வி.

சிலிக்கேட்டும் இதே மாதிரி குடைச்சல் குடுத்துது. வழவழ ட்யூப் மாடல்படி, மேலேந்து பாக்கற டைப் 1ல சூடான உள்சுவர் நேராத் தெரியணும், 10 மைக்ரான்ல பள்ளத்துக்குப் பதிலா பெரிய மேடு வரணும். பல வருஷம் யாருக்கும் சரியா கிடைக்கல, மாடலே தப்போன்னு பேச்சு. 2005ல ஸ்பிட்சர்தான் குவேசார்கள்ல அந்த மேட்டைக் காட்டினது, அதுவும் எதிர்பார்த்த அளவுக்கு உயரமா இல்ல. மேகக்கூட்டமா இருந்தா மேடு அடங்கித்தான் தெரியும், நெங்கோவா, இவெசிச், எலிட்சூர் போட்ட மாடல் அதுக்குப் பொருந்தினதால கொஞ்ச காலம் எல்லாரும் மேகக்கூட்ட ட்யூபுக்கு மாறிட்டாங்க. ட்யூபை விட மட்டும் யாருக்கும் மனசு வரல.

ரெண்டாவது குறுக்கு வழிதான் இன்டர்ஃபெரோமெட்ரி. சிலியோட அட்டகாமா பாலைவனத்துல பரனல் மலை மேல நாலு 8.2 மீட்டர் டெலஸ்கோப் நிக்குது, அதுல ரெண்டோட வெளிச்சத்தை ஒண்ணா கலந்தா, நடுவுல இருக்கற இடைவெளி அளவுக்கு, அதாவது 130 மீட்டர் வரைக்கும், ஒரே டெலஸ்கோப் மாதிரி நுணுக்கம் கிடைக்கும். 2004ல வால்டர் ஜாஃபே டீம் மிடிங்கற கருவியை வெச்சு என்ஜிசி 1068ஐப் பாத்தாங்க. உள்ள ஒரு பார்செக்குக்கும் சின்னதா 800 கெல்வினுக்கு மேல ஒரு சூடான பகுதி, அதைச் சுத்தி 320 கெல்வின்ல சுமார் 3.4 பார்செக் அகலம், 2.1 பார்செக் உயரத்துக்கு தூசி. ஆஹா ட்யூப் கிடைச்சாச்சுன்னு எல்லாருக்கும் சந்தோஷம். நான் ப்ராஜெக்ட்ல காட்டியிருக்க வேண்டிய பேப்பர் இதுதான். ஆனா ஒண்ணு, மிடி ரெண்டு டெலஸ்கோப்பைத்தான் சேக்கும், அதுலேந்து படம் வராது. சில எண்கள் வரும், அதுக்கு ஒரு மாடலைப் பொருத்திப் பாக்கணும், நீங்க முட்டை ஷேப் குடுத்தா முட்டையோட சைஸைச் சொல்லும்.

அப்புறம்தான் வேடிக்கை. அதே மிடியை வெச்சு மத்த கேலக்ஸிகளைப் பாக்கப் பாக்க, 10 மைக்ரான் வெளிச்சம் ட்யூப் இருக்க வேண்டிய திசையில நீளாம, அதுக்குக் குறுக்கால, ஜெட் போற மேல் கீழ் திசையில நீளுது. 2013ல செபாஸ்டியன் ஹோனிக் டீம் என்ஜிசி 3783ல பாதிக்கு மேல வெளிச்சம் அந்த துருவத் திசை தூசிலேந்துதான் வருதுன்னு எழுதினாங்க. சர்சினஸ் கேலக்ஸி, 1.3 கோடி ஒளியாண்டு தூரம்தான், அங்க ட்ரிஸ்ட்ராம் டீம் 2014ல ரெண்டையும் தனித்தனியா பிரிச்சாங்க. உள்ள ஒரு பார்செக் அளவுக்கு ஒல்லியா ஒரு தட்டு, அது ரேடியோல தண்ணி மேசர் (தண்ணி மூலக்கூறுகள் லேசர் மாதிரி போடற ரேடியோ வெளிச்சம்) காட்டற தட்டோட ஒட்டிப் போகுது. அதுக்கு வெளிய துருவத் திசையில நீண்ட தூசி, வெளிச்சத்துல பெரும்பங்கு அதுக்குத்தான். வெட்டவெளியா இருக்கணும்னு நாம நினைச்ச மேல் பக்கம்தான் தூசியே ஜொலிக்குது.

இது எப்படின்னா, வெளிச்சம் தூசியைத் தள்ளும். வெறும் எலக்ட்ரானைத் தள்றதை விட தூசியோட கலந்த கேஸைத் தள்றது நூறு மடங்கு வாக்குல சுலபம், அல்ட்ரா வயலெட்டை தூசி அவ்வளவு ஆசையா முழுங்கும். அதனால தட்டோட உள் விளிம்புல இருக்கற தூசி எழும்பி மேல காத்தா அடிச்சுட்டுப் போகுது. உள்ள வர்றது தட்டு, வெளிய போறது காத்து, நடுவுல எழும்பற இடம்தான் மறைக்குது. என் மனசுக்கு ட்யூபை விட இதுதான் பிடிச்சிருக்கு, ஏன் குண்டா இருக்குங்கற கேள்விக்கும் இதுல பதில் இருக்கு: நிக்கறதா நினைச்சோம், அது ஓடிட்டு இருக்கு. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களான்னா இல்ல, எந்தெந்த கேலக்ஸில காத்து ஜாஸ்தி, எதுல தட்டு ஜாஸ்திங்கறதுல இன்னும் மல்லுக்கு நிக்கறாங்க.

இப்ப என்ஜிசி 1068க்கே திரும்ப வாங்க, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கிராவிட்டின்னு ஒரு கருவி, அதே நாலு டெலஸ்கோப்பையும் ஒண்ணா சேக்கும், 2 மைக்ரான் பக்கத்துல சுமார் 3 மில்லி ஆர்க்செகண்ட் நுணுக்கம். 2020ல அது நிஜமாவே ஒரு படம் குடுத்துது. ஒல்லியா, சாய்ஞ்ச மாதிரி ஒரு வளையம், ஆரம் 0.24 பார்செக். தூசி ஆவியாகற எல்லை எங்க இருக்கணும்னு கணக்கு சொல்லுதோ ஏறக்குறைய அங்க. ட்யூபும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒல்லி வளையம்தான், மறைக்கறது முன்னாடி வேற எங்கயோ இருக்கற தூசின்னு எழுதினாங்க. நான் அன்னிக்கே என் பழைய ரிப்போர்ட்டை எடுத்து அந்தப் படத்து மேல பென்சில்ல ஒரு பெருக்கல் குறி போட்டேன், நிஜமா.

ரெண்டே வருஷம். 2022 பிப்ரவரில மட்டிஸ்ங்கற இன்னொரு கருவி, அதே மலை, அதே டெலஸ்கோப், அதே கேலக்ஸி, ஆனா 3லேந்து 13 மைக்ரான் வரைக்கும். வயலட்டா காமெஸ் ரோசாஸ் டீம் பல அலைநீளத்துல படம் எடுத்து, எங்க எவ்வளவு சூடு, எங்க எவ்வளவு தூசி முன்னால மறைக்குதுன்னு மேப் போட்டாங்க. அவங்க சொன்னது, கிராவிட்டி பாத்த வளையத்துக்கு நடுவுல பிளாக் ஹோலே இல்ல! அது அதுக்குக் கீழ, பக்கவாட்டுல நமக்குத் தெரியற குண்டான தூசித் தட்டுக்குள்ள புதைஞ்சிருக்கு. ஆக மறைப்பு குண்டுதான், பழைய கதை சரிதான்னு. பெருக்கல் குறியை அழிக்கறதா வேணாமான்னு எனக்கே குழப்பம். ரெண்டு டீமும் பொய் சொல்லல. 2 மைக்ரான் படத்தைத் தனியா வெச்சா வளையம்னு படிக்கத் தோணும், அதே புள்ளிகளை 10 மைக்ரானோட சேத்துப் படிச்சா வேற அர்த்தம் வருது, அவ்வளவு தூசி இருந்தா 2 மைக்ரான் வெளிச்சமே உள்ளேந்து வெளிய வராது, ஓட்டை வழியா வர்றதைத்தான் நாம வளையம்னு பாத்திருக்கோம். இன்ஃப்ராரெட் தூசியைத் துளைக்கும்னு சுலபமாச் சொல்லிடறோம், எந்த இன்ஃப்ராரெட், எவ்வளவு தூசின்னு சேத்துச் சொல்லணும்.

அல்மாங்கற டெலஸ்கோப் கூட்டம் ரேடியோ பக்கத்துலேந்து அதே கேலக்ஸில குளிர்ந்த கேஸையும் தூசியையும் பாத்து 7லேந்து 10 பார்செக் விட்டம்னு சொல்லுது. சைஸே அலைநீளத்தைப் பொறுத்து மாறுது, குளிர்ந்தது வெளிய இருக்கறதால அதுல ஆச்சரியம் இல்ல. இதுக்கு நடுவுல, எதையும் துளைச்சுட்டு வர்ற நியூட்ரினோங்கற துகள்களைப் பிடிக்கற ஐஸ்க்யூப் காரங்க அன்டார்டிக் பனிக்குள்ளேந்து 2022 நவம்பர்ல இதே என்ஜிசி 1068லேந்து சுமார் 79 நியூட்ரினோ வந்திருக்குன்னு சொன்னாங்க. காமா கதிர் கூட வெளிய வர முடியாத இடத்துலேந்து நியூட்ரினோ மட்டும் சர்வ சாதாரணமா வந்துடுது. இந்த ஒரு கேலக்ஸிக்கு மட்டும் தனி வலைப்பூவே ஆரம்பிக்கலாம்.

இப்ப ஜேம்ஸ் வெப் வந்து மொத்தத்தையும் மறுபடி கலைச்சிருக்கு. ஆரம்ப கால பிரபஞ்சத்துல லிட்டில் ரெட் டாட்னு சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், அகலமான கோடு இருக்கு, அதனால பிளாக் ஹோல்னு பல பேர் சொல்றாங்க. சிவப்பா இருக்கு, அப்ப தூசிதானேன்னு முதல்ல எல்லாரும் நினைச்சாங்க. தூசி மறைச்சு சிவப்பாக்கினா, முழுங்கினதை இன்ஃப்ராரெட்டா கக்கணும் இல்லையா? வெப்போட மிரிங்கற இன்ஃப்ராரெட் கருவில பாத்தா எதிர்பார்த்த அந்தச் சூடான தூசி மேடு வரல. சிவப்புக்குக் காரணம் தூசி இல்ல, பிளாக் ஹோலைப் போத்தியிருக்கற அடர்த்தியான கேஸ்தான்னு இப்ப ஒரு பக்கம் பலமாப் பேசறாங்க.

அந்த டேட்டா நிறைய பப்ளிக்ல இருக்கு. போன வாரம் நாலஞ்சு புள்ளியை இறக்கி வெச்சிருக்கேன், இன்னும் தொடல. அந்த லிஸ்ட்டுலயும் ஆரம்பத்துல சில ப்ரௌன் ட்வார்ஃப் புகுந்திருந்ததாம். முதல்ல அதைப் பாத்துடறேன், ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்கும் மெசேஜ் போடறதுக்கு முன்னாடி.